லேப் இல்லாத பாடங்கள்

தையல் மிஷின் இருக்கிற வீட்டுக்காரி ஊர்ப் பேச்சைத் தேடிப் போக வேண்டியதில்லை, அதுவே வீடு தேடி வரும். கீழ்க்கட்டளையில் எங்கள் தெருப் பெண்கள் புடவைக்கு ஃபால்ஸ் அடிக்கவும் பிளவுஸைப் பிரித்துத் தைக்கவும் என்னிடம்தான் வருவார்கள். துணியைக் கொடுத்ததும் கிளம்பிவிட மாட்டார்கள். மிஷின் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டிருக்கிறேன். அதில் உட்கார்ந்து வீட்டுக் கதை, வெளிக் கதை எல்லாம் சொல்லி முடித்த பிறகுதான் எழுந்திருப்பார்கள். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். அதற்கு மேல் எனக்குத் தெரிந்ததில் பாதி மளிகைக் கடைப் பொட்டலக் காகிதத்தில் படித்தது. மீதி அந்த ஸ்டூலில் உட்கார்ந்தவர்கள் சொல்லக் கேட்டது.

என் மகளை வீட்டிலேயே வைத்துப் படிக்க வைக்கப் போகிறோம் என்று தெரிந்த பிறகு ஸ்டூல் காலியாகவே இல்லை. எல்லாரிடமும் ஒரு வார்த்தை இருந்தது. பூ விற்கிற பெண், "படிப்ப வூட்டுக்குள்ள கூட்டிக்கினு வந்துட்டா வூடு ஸ்கூலா ஆயிடும்க்கா. அப்புறம் நீ எங்க போயி குந்துவ?" என்றாள். எதிர்வீட்டு டீச்சர், "வீட்ல இருக்கிற பிள்ளைக்கு லீவும் கிடையாது, பெல்லும் கிடையாது, பாவம்" என்றார். சொந்தத்தில் ஒருத்தி துணியே கொண்டு வராமல் வந்து உட்கார்ந்து, "படிக்க வெக்கவா நிப்பாட்டுற, கட்டிக் குடுக்கவா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அவளுக்கு மட்டும் நான் டீ போடவில்லை.

யாரும் கேட்காத காரணத்தை நான் சொல்லிவிடுகிறேன். ஸ்டூலில் உட்கார்ந்தவர்களுக்கு அது ஏற்கெனவே தெரியும் என்பதால்தான் அவர்கள் கேட்கவில்லை.

மகள் ஒன்பதாம் வகுப்பில் இருந்தாள். காலைப் பிரேயரில் வரிசையில் நிற்கும்போது வலிப்பு வந்து விழுந்தாள். அதற்கு முன்னால் வந்ததெல்லாம் வீட்டில், எங்கள் கண்ணுக்கு முன்னால். இது அத்தனை பிள்ளைகளுக்கு நடுவில். யாரோ ஓடி வந்து கையில் சாவிக்கொத்தைத் திணித்திருக்கிறார்கள். இரும்பால் ஒரு பயனும் இல்லை, ஒருக்களித்துப் படுக்க வைத்தால் போதும் என்று டாக்டர் எங்களுக்குச் சொல்லியிருந்தார். அங்கே யாருக்கு அது தெரியும். யாரோ ஒருவர் அதை ஃபோனில் எடுத்திருந்தார். யார் என்று கடைசி வரை தெரியவில்லை. பாவாடை நனைந்து, முழங்காலுக்கு மேலே ஏறிக் கிடக்கிற படம். சிரிக்கிற பொம்மை முகம் ஒட்டி அது ஊர் சுற்றியது. சாயங்காலம் அடுத்த தெருப் பெண் ஒருத்தி என்னிடமே ஃபோனை நீட்டி, "அக்கா, இது உங்க பொண்ணு மாதிரியே கீதே" என்றாள். அவள் கெட்ட எண்ணத்தில் காட்டவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

மறு வாரம் மகள் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு, தலை பின்னிக்கொண்டு அவள் அத்தாவின், அதாவது என் வீட்டுக்காரரின், வண்டியில் ஏறிப் போனாள். ஸ்கூல் கேட் வந்ததும் இறங்கவில்லை. அவர் "இறங்கும்மா" என்றார். அவள் அவர் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். பெல் அடித்து, கேட் சாத்தி, வாட்ச்மேன் வந்து பார்த்துவிட்டுப் போன பிறகும் இறங்கவில்லை. அதற்கப்புறம் பல நாள் அதே கதை. ஸ்கூலிலும் மரியாதையாகத்தான் பேசினார்கள், "ஏதாவது ஒண்ணு ஆயிட்டா நாங்க பதில் சொல்லணும்மா" என்று. டி.சி. வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம்.

அவளுக்கு ஓர் ஆசை இருந்தது. அதைச் சொன்னால்தான் மற்றதெல்லாம் புரியும். தாம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் அவளுக்கு மூளை ஓட்டத்தைப் பதிவு செய்கிற சோதனை எடுத்தார்கள். தலைமுடியை வகிடு வகிடாகப் பிரித்து, பசை தடவி, வயர் வயராக ஒட்டுகிற வேலையை ஒரு பெண் செய்தாள். எந்த வயர் எதைக் கேட்கிறது, திரையில் ஓடுகிற கோடு எப்போது துள்ளும் என்றெல்லாம் ஒட்டிக்கொண்டே சொல்லியிருக்கிறாள். வீட்டுக்கு வந்து பசை போகத் தலைக்குக் குளிக்கும்போது கதவுக்கு உள்ளேயிருந்தே மகள் சொன்னாள், "அம்மா, நான் அந்த அக்கா செய்யிற வேலைக்குத்தான் படிக்கப் போறேன்." அதற்குப் பத்தாவதில் சயின்ஸ் வேண்டும், பிறகு பதினொன்றில் சயின்ஸ் குரூப் வேண்டும். இவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்தது. பத்தாவதை எந்த வழியில், எந்தப் புத்தகத்தை வைத்துப் படிப்பது என்பதுதான் கேள்வி.

அஸ்தினாபுரத்தில் ஓர் அம்மா இருந்தார். இரண்டு பிள்ளைகளையும் ஸ்கூல் வாசலையே மிதிக்க விடாமல் வளர்த்தவர். அந்தப் பக்கம், சிட்லபாக்கம் பக்கம் எல்லாம் சேர்த்து அப்படிச் சில குடும்பங்கள் உண்டு. அவர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு வீட்டுப் பிள்ளை படித்து முடித்த புத்தகங்களை அரிசிச் சாக்கில் கட்டி அடுத்த வீட்டுக்குத் தந்துவிடுவார்கள். விலை பேசக்கூடாது, திருப்பியும் கேட்கக்கூடாது. எங்களுக்கும் ஒரு சாக்கு வந்தது. பளபளவென்ற படங்கள், உலக வரைபடம், வெளிநாட்டுக் கணக்குப் புத்தகங்கள். மகள் ஒன்றைப் பிரித்துப் படித்துவிட்டுச் சிரித்தாள். வெகு நாளைக்குப் பிறகு சிரித்தாள்.

"அம்மா, ரெண்டு பேர் வாசல்ல கொட்டுன பனியை அள்ளுறாங்களாம். எத்தனை மணிக்கு முடிப்பாங்கன்னு கேக்குறான்."

"நம்ம தண்ணி லாரி எத்தனை மணிக்கு வரும்னு அவனைக் கேளு" என்றேன்.

அந்த அம்மாவைப் பார்க்க மூன்று பேருமே போனோம். தரையில் பாய் விரித்து உட்கார வைத்துப் பேசினார். "முதல்ல சிலபஸ்ஸைத் தேடாதீங்க. அவளுக்கு எதுல இன்ட்ரஸ்ட்னு பாருங்க. கொஞ்ச நாள் ஒண்ணுமே படிக்காம இருக்கட்டும். பெரிய பசங்களுக்கு ஸ்கூலை மறக்கறதுக்கே டைம் வேணும்."

என் வீட்டுக்காரர் மோட்டார் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறார். பேச்சும் அப்படித்தான், ஒரு சுற்று கூடவும் இருக்காது, குறையவும் இருக்காது. "மேடம், உங்க பசங்க விழுந்தா கீழ மெத்தை கீது. எங்க பொண்ணு தரையில விழுந்துட்டா. அவளுக்கு ஒரு சர்டிபிகேட் வேணும்."

அந்த அம்மா கோபித்துக்கொள்ளவில்லை. "அதுவும் நியாயம்தான் பாய்" என்று சொல்லி இன்னொரு வழியைச் சொன்னார். ஸ்கூலுக்குப் போகாத பிள்ளைகளுக்காகவே ஓப்பன் போர்டு ஒன்று இருக்கிறது, அதில் ஐந்து பாடங்களை நாமே பொறுக்கி எடுத்து எழுதலாம் என்றார்.

திரும்பி வரும் வழியில் வீட்டுக்காரர் அதைப் பிடித்துக்கொண்டார். "நாமளே பொறுக்கற பாடமா? கதவே வெக்காத வூடு மாதிரி கீது. நாளைக்கு ஒருத்தன் சர்டிபிகேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பான். தெருவுல எல்லாப் புள்ளையும் எந்தப் புக்கு படிக்குதோ அதையே படிக்கட்டும். இதுலயாச்சும் அவ வேற மாதிரி இருக்க வேணாம்." கடைசியாகச் சொன்னதுதான் அவருடைய உண்மையான காரணம். எனக்கும் அது சரியாகப்பட்டது. மகளும் தலையாட்டினாள். ஸ்டேட் போர்டு, பிரைவேட்டாக எழுதுவது என்று முடிவானது.

பிரைவேட்டாகப் பத்தாவது எழுதுவது என்றால் எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். ஒவ்வொரு வீட்டிலும் ஒருத்தர் இருப்பார். நானும் விசாரிக்காமல் இல்லை. கறிக்கடைக்காரரின் தம்பி எழுதியிருக்கிறார், பூக்காரப் பெண் எழுதியிருக்கிறாள், இரண்டு தெரு தள்ளி ஆட்டோ ஓட்டுகிறவர் எழுதியிருக்கிறார். ஒருத்தர் விடாமல் கேட்டேன். எல்லாரிடமும் ஒரே பதில்தான். ஆட்டோக்காரர் இன்னும் அழகாகச் சொன்னார். "இன்னாக்கா இதுக்குப் போயி பேஜார் ஆவுற? பிரைவேட்ல எழுதறது பின்வாசல் வழியா கல்யாணத்துக்குப் போற மாதிரி. எல போட்டுட்டா எவனும் நீ யாருன்னு கேக்க மாட்டான். பணம் கட்டு, ஹால் டிக்கெட் வாங்கு, எழுது, வா."

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய புத்தகங்களும் கைடுகளும் வாங்கினோம். மதிய மாத்திரை போட்டால் அவளுக்குக் கண் சொருகும். அதனால் கணக்கும் சயின்ஸும் காலையில், சமூக அறிவியல் சாயங்காலம் என்று அவளே அட்டவணை போட்டுக்கொண்டாள். கொத்தமல்லித் தண்டைச் சிவப்பு மையில் நிறுத்தி வைத்து, மை மேலே ஏறுவதை எனக்குக் காட்டினாள். அவள் அத்தா கறிக்கடையிலிருந்து ஆட்டு இதயம் வாங்கி வருவார். சாப்பாட்டுத் தட்டில் வைத்து பிளேடால் அறுத்து, என் பின்னல் ஊசியை உள்ளே விட்டு, "அம்மா, ரத்தம் இந்தப் பக்கம் போகும், திரும்பி வராது. இந்தத் தோல் கதவு மாதிரி மூடிக்கும்" என்பாள். பார்த்து முடித்ததும் கழுவிக் கொடுப்பாள், நான் மிளகு போட்டு வறுப்பேன். "எங்க வூட்ல பாடத்தையே சாப்புடறோம்" என்று வீட்டுக்காரர் கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் சொன்னார்.

இடையில் இரண்டு முறை வலிப்பு வந்தது. ஒரு தடவை புத்தகத்தின் மேலேயே சாய்ந்தாள். நான் ஒருக்களித்துப் படுக்க வைத்து, எவ்வளவு நேரம் என்று பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அது எனக்கு டாக்டர் கொடுத்த வேலை. எத்தனை நிமிடம் என்று ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டும், நீண்டுகொண்டே போனால் வண்டி பிடித்து ஓட வேண்டும். எழுந்ததும் அவள் நாக்கைத் துழாவிப் பார்த்துவிட்டு, விட்ட வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.

பரீட்சைக்கு எப்போது பணம் கட்டுவது என்று கேட்கத்தான் கல்வி அலுவலகத்துக்குப் போனோம். மேஜையில் இருந்த அம்மா மகளைப் பார்த்துவிட்டுக் கேட்டார், "இதுதான் ஃபர்ஸ்ட் டைமா? ஸ்கூல்ல டென்த் படிக்கவே இல்லையா?"

"இல்ல மேடம், வூட்லதான்."

"அப்ப சயின்ஸ் பிராக்டிகல் கிளாஸுக்குப் பதியணுமே. பதிஞ்சீங்களா?"

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அந்த அம்மா பொறுமையாகச் சொன்னார். புதிதாக எழுதுகிறவர்கள் ஏதாவது ஒரு ஸ்கூலுக்குப் போய், லேப்பில் செய்முறை வகுப்பில் உட்கார்ந்து, அங்கேயே செய்து காட்டி மார்க் வாங்கினால்தான் சயின்ஸ் எழுத முடியும்.

நான் கேட்ட எல்லாரும் உண்மையைத்தான் சொல்லியிருந்தார்கள். கறிக்கடைத் தம்பியும் பூக்காரியும் ஆட்டோக்காரரும் ஸ்கூலில் பத்தாவது படித்து, அங்கேயே பிராக்டிகலை முடித்து, பரீட்சையில் ஃபெயிலாகி, அப்புறம் பிரைவேட்டாக எழுதியவர்கள். லேப் அவர்களுக்கு ஒரு கணக்கே இல்லை. எங்கள் தெருவில் ஸ்கூலையே விட்டுவிட்டு எழுதப் போகிற முதல் ஆள் என் மகள். அது எனக்கும் உறைக்கவில்லை, அவர்களுக்கும் உறைக்கவில்லை.

"வூட்லயே ஒரு சாரை வெச்சு செய்ய வெச்சா ஆவாதா மேடம்? நான் எல்லா சாமானும் வாங்கித் தரேன்" என்று வீட்டுக்காரர் கேட்டார்.

"அப்படி இல்லைங்க. ஸ்கூல்லதான். பதிய இன்னும் நாள் இருக்கு, அதுவே உங்க அதிர்ஷ்டம்."

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றோம். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு, "கூட நீ வருவியா?" என்று மகள் என்னைக் கேட்டாள். வருவேன் என்றேன். "உள்ள வரைக்கும்?" உள்ளே வரைக்கும் என்றேன்.

சனிக்கிழமை வகுப்பு. தாம்பரம் பக்கம் ஒரு ஸ்கூல். லீவு நாள் என்பதால் மைதானம் வெறிச்சென்று கிடந்தது. கேட்டருகே அவள் நின்றாள். மணலில் செருப்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தவள், சட்டென்று என் கையை விட்டுவிட்டு உள்ளே நடந்தாள். கூட வகுப்புக்கு வந்தவர்கள் எல்லாரும் பெரியவர்கள். ஒரு பெண் கைக்குழந்தையோடு வந்திருந்தாள். சயின்ஸ் மிஸ்ஸிடம் நான் தனியாகப் போய் வலிப்பைப் பற்றிச் சொன்னேன். அவர் முகம் சுளிக்கவில்லை. "அடுப்புப் பக்கம் விட மாட்டேன், ஆசிட்டை நானே ஊத்தறேன். நீங்க வராண்டாவிலேயே இருங்க" என்றார்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தவள் எடுக்கவே மாட்டேன் என்றாள். பின்னால் ஒருத்தர், "பாப்பா, சினிமாவா ஓடுது? எங்களுக்கும் காட்டு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், அவளும்தான். வீடு வரும்வரை வாய் ஓயவில்லை. நான் போட்டிருந்த பிளவுஸ் துணியைக் கூட மைக்ராஸ்கோப்பில் வைத்தால் எப்படித் தெரியும் என்று சொன்னாள். அன்று வீட்டுக்காரர் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு வந்து, கதை முழுவதையும் இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார். அடுத்த சனியும் அப்படியே போனது.

அதற்கடுத்த சனிக்கிழமை மைதானம் நிறைந்திருந்தது. ஏதோ விழாவுக்கு ஒத்திகை. வெள்ளைச் சட்டைப் பிள்ளைகள் வரிசை வரிசையாக நின்றார்கள். பி.டி. மாஸ்டர் விசில் ஊதினார். மைக்கில் ஒரு பெண் குரல் பிரேயர் பாட்டை ஆரம்பித்தது. மகள் லேப் படியில் ஏறிக்கொண்டிருந்தாள். அந்தப் பாட்டினால் வந்ததா, முதல் நாள் சரியாகத் தூங்காததால் வந்ததா, இரண்டும் இல்லையா, எனக்குத் தெரியாது, டாக்டரும் அப்படித் திட்டமாகச் சொல்ல முடியாது என்றார். ஒரு கை இழுத்தது, விழுந்தாள்.

நான் தலையைப் பிடித்துவிட்டேன். ஒருக்களித்துப் படுக்க வைத்து, என் துப்பட்டாவை இடுப்பிலிருந்து கால் வரை போர்த்தினேன். மிஸ் ஓடி வந்து மற்றவர்களை லேப்புக்குள் அனுப்பினார். குழந்தைக்காரப் பெண் மைதானத்துப் பக்கம் புடவையை விரித்து மறைத்துக்கொண்டு நின்றாள். யாரும் சாவி கொண்டு வரவில்லை. யாரும் எட்டிப் பார்க்கவில்லை. விழுந்தே ஆக வேண்டும் என்றால் இப்படித்தான் விழ வேண்டும் என்று கூட எனக்குத் தோன்றியது. நான் எப்போதும் செய்கிற வேலையைச் செய்துகொண்டிருந்தேன்.

அவள் கண் திறந்தபோது முதலில் தெரிந்தது என் முகம் இல்லை. என் கையில் இருந்த ஃபோன்.

நாக்கு குழற, "நீயா எடுத்த?" என்றாள்.

"டைம் பார்த்தேன்மா. டாக்டர் சொன்னாரே, எவ்ளோ நேரம்னு. வூட்ல பார்ப்பேனே, அதே மாதிரி" என்றேன். வீட்டில் சுவரில் கடிகாரம் இருக்கிறது. அங்கே வராண்டாவில் ஃபோன்தான் இருந்தது.

அவள் கையை நீட்டினாள். ஃபோனைக் கொடுத்தேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்தாள். பிளவுஸ் மாடல், பெருநாள் பிரியாணி, தங்கச்சி பிள்ளை, மறுபடி பிளவுஸ் மாடல். அழித்த படங்கள் கிடக்கிற இடத்தையும் திறந்து பார்த்தாள். மிஸ் தண்ணீர் கொண்டு வந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். கடைசிவரை பார்த்துவிட்டு அவள் ஃபோனை என் மடியில் வைத்தாள்.

"நம்பறேம்மா" என்றாள். அப்புறம், "போலாம்" என்றாள்.

அடுத்த சனிக்கிழமை அவள் கிளம்பவில்லை. நான் கெஞ்சினேன். வீட்டுக்காரர் லேப் வாசலிலேயே கடை போட்டு உட்கார்ந்துகொள்கிறேன் என்றார். மிஸ் ஃபோன் செய்து, விட்டுப்போன வகுப்பைத் தனியாக எடுக்கிறேன், யாரும் இல்லாத நேரத்தில் கூட்டி வாருங்கள் என்றார். அப்படி ஒருத்தர் கிடைப்பது அபூர்வம். நான் ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு அவளைக் கேட்க வைத்தேன். "தேங்க்ஸ் மிஸ்" என்றாள், அவ்வளவுதான். என்னிடம் தனியாகச் சொன்னாள். "யாரும் எடுக்கலன்னு எனக்குத் தெரியும்மா. ஆனா நான் விழுந்து கெடக்கறப்ப எனக்கு எதுவும் தெரியாதுல்ல. ஒவ்வொரு தடவையும் எழுந்து உக்காந்து எல்லார் ஃபோனையும் வாங்கிப் பார்க்க முடியுமா?"

ஸ்டூலில் எத்தனையோ பேர் உட்கார்ந்து எத்தனையோ சொல்லியிருக்கிறார்கள். அதில் ஒன்றைக்கூட எடுத்துக் கொடுக்க முடியவில்லை.

வகுப்புகள் முடிந்து போயின. சயின்ஸ் இல்லாமல் ஸ்டேட் போர்டு இல்லை. அஸ்தினாபுரத்து அம்மாவுக்கு ஃபோன் செய்து ஓப்பன் போர்டு விவரம் கேட்டேன். "நான் அப்பவே சொன்னேனே" என்று அவர் சொல்லவில்லை, அதற்கு அவருக்கு நன்றி. அதிலும் சயின்ஸ் எடுத்தால் செய்முறை உண்டு, அதையும் ஒரு ஸ்கூலுக்குப் போய்த்தான் செய்ய வேண்டும் என்பதை மட்டும் இந்தத் தடவை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

பதிவதற்கு ஒரு கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனோம். அங்கே இருந்த பெண் திரையைப் பார்த்துப் பாடங்களை ஒவ்வொன்றாகப் படித்தாள். தமிழ், இங்கிலீஷ், சமூக அறிவியல். மகள் ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்விதான் கேட்டாள். "லேப் இருக்கா?" இல்லை என்றால், "போடுங்க."

"வணிகம் எடுத்துக்கோ, கடைக் கணக்கு பார்க்க ஆவும்" என்றார் வீட்டுக்காரர். லேப் இல்லை. போட்டார்கள். பட்டியலில் உளவியல் என்று ஒன்று வந்தது. எனக்கு ஆசை வந்துவிட்டது. "மனசு, மூளை எல்லாம் அதுல வரும்மா, உனக்குப் புடிக்கும்" என்றேன்.

"லேப் இருக்கா?"

"இல்லம்மா" என்றாள் அந்தப் பெண்.

"போடுங்க." வணிகத்துக்குச் சொன்ன அதே குரல்.

அந்தப் பெண் எங்கள் பக்கம் திரும்பினாள். "சயின்ஸ் விட்டுட்டீங்களே சார். வழக்கமா எல்லாரும் அதைத்தான் முதல்ல கேப்பாங்க. அப்புறமா லெவன்த்ல சயின்ஸ் குரூப் கிடைக்காது, பரவாயில்லையா?"

வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். மகள் அவர் முழங்கை மேல் கையை வைத்தாள்.

"வேணாம் அத்தா."

அவர் அந்தப் பெண்ணிடம் தலையை மட்டும் ஆட்டினார். பிரிண்டர் ஒரு தாளை மெதுவாக வெளியே தள்ளியது. மகள் அதை எடுத்து, ஐந்து பாடங்களும் சரியாக இருக்கின்றனவா என்று விரலை வைத்துப் பார்த்துவிட்டு, இரண்டாக மடித்து என் கையில் கொடுத்தாள்.